வீட்டிலேயே பழச்சாறு

 

டில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெயில் சில நாள் 45 டிகிரியைத் தொடும். தொண்டை வறளும். தள்ளுவண்டியில் விற்கும் பழச்சாறு கண்ணை இழுக்கும். அதைக் குடிக்கலாமா?

1988-ஆம் ஆண்டில் யமுனைக்குக் கிழக்கே உள்ள டில்லிக் குடியிருப்புகளில் காலரா பரவியது. பலர் இறந்தார்கள். அசுத்தமான தண்ணீரே காரணம். காலராக் கிருமி ஐஸ்கட்டியிலும் உயிரோடு இருக்கும். இத்தகைய நோய்களைத் தடுக்கவே, நறுக்கித் திறந்து வைத்த பழங்களை விற்க டில்லி மாநகராட்சி பல கோடைகளில் தடை போட்டது.

வீட்டிலேயே சாறு எடுக்கலாம். மிக்சி வேண்டாம். மின்சாரமும் வேண்டாம்.

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழத்தை நறுக்கும் முன்பே கழுவுங்கள். இல்லாவிட்டால் தோலில் உள்ள அழுக்கு கத்தி வழியே உள்ளே போய்விடும்.

சாத்துக்குடியா? பலகைமேல் வைத்து அழுத்தி உருட்டுங்கள். குறுக்கே வெட்டிப் பிழியுங்கள்.

தர்பூசணியா? தோலையும் விதையையும் நீக்குங்கள். மத்தால் மசித்து, சுத்தமான துணியில் வடிகட்டுங்கள். தண்ணீரே தேவையில்லை.

மாங்காயா? வேகவைத்துச் சதையை மசியுங்கள். வெல்லம், உப்பு, சீரகப்பொடி சேருங்கள். கொதித்து ஆறிய நீரை ஊற்றுங்கள். இதுதான் டில்லிக்காரர்களின் ஆம் பன்னா.

எடுத்த சாற்றை உடனே குடியுங்கள். வைத்திருந்தால் கிருமி பெருகும்.

இன்னொன்று. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பழச்சாறு மருந்தாகாது. ஓ.ஆர்.எஸ். பொடியை வாங்குங்கள். எவ்வளவு நீரில் கரைப்பது? பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும். நீங்களே படித்துப் பார்த்துக் கரையுங்கள். மருத்துவரிடமும் காட்டுங்கள். எழுத்தைக் கற்றது இதற்கும்தான்.