இறைப்பு இயந்திரமும் புட்வால்வும்

கிளிநொச்சிப் பகுதியில் இரணைமடு வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத் தோட்டங்களுக்குக் கிணறே கதி. முன்னர் துலா நின்ற இடத்தில் இன்று நீரிறைக்கும் இயந்திரம் நிற்கின்றது. மிளகாய்க் கன்று வாடும் வேளையில் அது ஓடியும் நீர் வராவிடின், கமக்காரர் இயந்திரத்தைத்தான் முதலிற் கழற்றுவர். பழுதோ பெரும்பாலும் கிணற்றுக்குள் இருக்கும்.

உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள புட்வால்வு ஒருவழிக் கதவு போன்றது. நீரை மேலே விடும், கீழே விடாது. அதன் வளையம் தேய்ந்தாலோ, சருகொன்று இடையிற் சிக்கினாலோ நீர் நழுவிவிடும். சோதனை எளிது. இயந்திரத்தை நிறுத்தி, வாய்வரை நீர் வார்த்துச் சிறிது நேரம் பார்த்திருத்தல் வேண்டும். குழாயின் வெளிப்புறத்தில் ஒழுக்கு எதுவுமின்றி நீர் இறங்குமாயின் குற்றம் புட்வால்வினதே. இறங்காதிருந்தும், ஓடும்போது நீர் குமிழியிட்டு விட்டுவிட்டு விழுமாயின், ஏதோவொரு பொருத்துக் காற்றை இழுக்கின்றது. காற்று உட்புகுவது கண்ணுக்குத் தெரியாது. பொருத்துகளிற் சவர்க்கார நுரையைப் பூசினால், நுரை உள்வாங்கும் இடம் காட்டிக்கொடுக்கும்.

இவ்விரண்டும் சரியாயின் ஆழத்தை அளக்க வேண்டும். நீரைக் குழாயில் ஏற்றுவது உண்மையிற் காற்றின் பாரமே. இத்தாலிய அறிஞர் தொரிச்செல்லி 1644இல் எழுதிய கடிதமொன்றில் இதனை விளக்கினார். அப்பாரம் ஏறக்குறைய 34 அடி நீரையே தாங்கும். நடைமுறையில் 25 அடியைத் தாண்டாதிருத்தல் நன்று. ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் தாழ்ந்தால், கிணற்றினுள்ளே தட்டமைத்து இயந்திரத்தைக் கீழிறக்குவர். அதைவிட்டு, நீர் வரும்வரை வெறுமனே ஓடட்டும் என்று விடுதல் கூடாது. நீரின்றி ஓடினால் தண்டைச் சுற்றியுள்ள அடைப்புக் கருகிவிடும், பிறகு இயந்திரமும் உண்மையாகவே பழுதாகும்.