விலகலை எண்ணும் கணக்கு: கட்டவலைக் குறுவழித் தேடல் குறித்த தலைமையுரை

தடையே இல்லாத கட்டவலையில் குறுவழியின் நீளம் ஒரு கூட்டல் கணக்கு. கிடையாக எத்தனை அடி, செங்குத்தாக எத்தனை அடி என்று பார்த்துக் கூட்டினால் மன்ஹாட்டன் தூரம் கிடைத்துவிடும். தொல்லை வேறிடத்தில் இருக்கிறது: அதே நீளமுள்ள வழிகள் ஏராளம். பத்துக்குப் பத்து அடியுள்ள சதுரத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் செல்லும் குறுவழிகள் 1,84,756. இருபதுக்கு இருபது என்றால் 13,784 கோடிக்கு மேல். சமமானவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியாத தேடல் அத்தனையின் நடுவிலும் அலைந்து திரியும். இத்துறையின் பாதி வரலாறு இந்த அலைச்சலைக் குறைத்த வரலாறுதான்.

கருத்தரங்கின் தலைப்பு அல்காரிதங்களையும் பயன்பாடுகளையும் ஒருசேரக் கேட்கிறது. ரோபோக்கள், கணினி விளையாட்டுகள், கிடங்கு வண்டிகள் ஆகியவற்றை அடுத்து வரும் அமர்வுகள் விரிவாகப் பேசும். இந்தத் தலைமை இருக்கை பெரிய சிறப்பு. ஆனால் இதிலிருந்து இவ்வவைக்கு அடிப்படைகளை விளக்கத் தொடங்குவது மரியாதையாக இராது. டைக்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் காப்பிக் கடை ஒன்றில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் தம் முறையை வகுத்ததும், அது 1959-இல் மூன்று பக்கக் கட்டுரையாக வெளிவந்ததும் எல்லோரும் அறிந்த கதை. ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் 1968-இல் வெளியிட்ட ஏ-ஸ்டாரும் அப்படியே. அதிகம் சொல்லப்படாத கதை மின்சுற்று வடிவமைப்பாளர்களுடையது.

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த எட்வர்டு மூர், புதிர்ப்பாதையில் குறுவழி காண்பது பற்றி 1957-இல் ஹார்வர்டில் நடந்த கருத்தரங்கில் படித்த கட்டுரை 1959-இல் அச்சேறியது. அதே ஆய்வகத்தின் சி. ஒய். லீ 1961-இல் அந்த அலைமுறையைக் கட்டவலையின் மேல் பொருத்தினார். தொடக்கக் கட்டத்துக்குச் சுழி, அதன் அண்டைக் கட்டங்களுக்கு 1, அவற்றின் அண்டைக்கு 2 என அலை பரவும். இலக்கைத் தொட்டதும் எண்கள் இறங்குமுகமாகத் திரும்பி நடந்தால் வழி கிடைக்கும். இதை லீயின் அல்காரிதம் என்பதா, மூருடையது என்பதா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. லீயின் பக்கம் நிற்பவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: அலை மூருடையது. மூரின் பக்கம் நிற்பவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: நீளத்தோடு நில்லாமல், கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிடுவது போன்ற பிற செலவுகளையும் குறைக்கும் பொதுச் சட்டகம் லீயுடையது. அதற்கும் முந்தியவர் வேண்டுமென்றால் கொன்ராட் சூஸே 1945-இலேயே அலைத்தேடலின் கருத்தை எழுதிவைத்திருந்தார்; அது 1972 வரை அச்சேறவில்லை என்பதால் வழக்கில் அவரை யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை.

அலைமுறைக்கு நினைவகப் பசி அதிகம். எண் பெருகப் பெருக ஒவ்வொரு கட்டத்துக்கும் அதிக பிட்கள் வேண்டும். 1967-இல் ஏக்கர்ஸ் இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டார்: 1, 2, 3 என்று எழுதாமல் 1, 1, 2, 2, 1, 1, 2, 2 என்று எழுதினால் போதும். எந்தக் கட்டத்திலும் முன்னதன் குறியும் பின்னதன் குறியும் வேறுபடுவதால் திரும்பும் வழி தவறாது. காலி, தடை, 1, 2 என நான்கே நிலைகள். ஆக, கட்டத்துக்கு 2 பிட். பத்து லட்சம் கட்டங்களுள்ள வலை இரண்டரை லட்சம் பைட்டில் அடங்கிவிடும்.

ஆனால் இவ்வுரை வழக்காட எடுத்துக்கொள்வது ஹாட்லாக் 1977-இல் 'நெட்வொர்க்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைக்காக. அதன் அடிக்கருத்து ஒரு வரியில் அடங்கும். நாற்திசை வலையில் ஒவ்வோர் அடியும் இலக்கை ஒரு தூரம் நெருங்கும், அல்லது ஒரு தூரம் விலகும். மூன்றாவது வகை கிடையாது. விலகிய ஒவ்வோர் அடிக்கும் ஈடாக நெருங்கும் அடி ஒன்று கூடுதலாக வைத்தாக வேண்டும். ஆகவே எந்த வழியின் நீளமும் மன்ஹாட்டன் தூரத்தோடு விலகல் எண்ணின் இருமடங்கைக் கூட்டியதாகும். நீளத்தை எண்ணவே வேண்டாம், விலகலை எண்ணினால் போதும்.

ஐந்துக்கு ஐந்து கட்டவலை ஒன்றில் இதைப் பார்க்கலாம். நடுவரிசையின் இடக்கோடியில் தொடக்கம், வலக்கோடியில் இலக்கு. மூன்றாம் நிரலில் மேல்கட்டமும் கீழ்க்கட்டமும் மட்டும் திறந்திருக்க, நடுவிலுள்ள மூன்றும் சுவர். மன்ஹாட்டன் தூரம் 4. சுவரைச் சுற்ற இரண்டு அடி விலகியே தீர வேண்டும், நீளம் 8. லீயின் அலை இலக்கை அடைவதற்குள் திறந்த கட்டங்கள் 22-இலும் எண் எழுதிவிடுகிறது. ஹாட்லாக்கின் முறை விலகல் சுழியில் இரண்டு கட்டங்களையும், விலகல் ஒன்றில் நான்கையும் பார்க்கிறது. விலகல் இரண்டு வந்ததும் மேலேயோ கீழேயோ ஒரு பக்கம் திரும்பி நேரே இலக்குக்குப் போய்விடுகிறது. தொட்ட கட்டங்கள் மொத்தம் 12 அல்லது 13.

இது ஏ-ஸ்டாரின் தனிவகைதானே என்று சொல்லி ஒதுக்குவது வழக்கம். கணிதமாகப் பார்த்தால் மறுக்க முடியாது. ஆனால் தனிவகை என்பதாலேயே கிடைக்கும் ஆதாயத்தைப் பாடநூல்கள் கைவிட்டுவிட்டன. வந்த நீளமும் மீதித் தூரக் கணிப்பும் சேர்ந்த மதிப்பீடு ஓரடியில் 0 அல்லது 2 மட்டுமே உயர்வதால் முன்னுரிமை வரிசையே தேவையில்லை. இப்போதைய விலகலுக்கு ஓர் அடுக்கு, அடுத்ததற்கு ஓர் அடுக்கு என இரண்டு போதும். குவியல் அமைப்பின் மடக்கைச் செலவு மறைந்துவிடுகிறது. அடுக்கு என்பதால் கடைசியாக வந்த கட்டமே முதலில் விரிகிறது. சமநிலைச் சிக்கலும் அதிலேயே தீர்கிறது. முன்சொன்ன பத்துக்குப் பத்துத் திறந்த சதுரத்தில் சமங்களைக் கவனியாத ஏ-ஸ்டார் 121 புள்ளிகளையும் விரிக்கக்கூடும். ஹாட்லாக்கின் முறை வழியிலுள்ள 21 புள்ளிகளோடு முடித்துக்கொள்ளும். மாணவர்க்கு நாற்திசை வலையைக் கொடுத்துவிட்டு, அதைத் தீர்க்கக் குவியல் கட்டச் சொல்வது எந்தப் பாடத்திட்டத்தின் வசதிக்காக என்பது விளங்கவில்லை.

எதிர்வாதங்களுக்கும் இடமுண்டு. சுருள்சுருளான புதிர்ப்பாதையில் விலகல் எண் மிகப் பெரிதாகும். அப்போது ஹாட்லாக்கின் முறையும் ஏறக்குறைய எல்லாக் கட்டங்களையும் தொட்டுவிடும். சேற்றுக்கு ஒரு செலவு, சாலைக்கு ஒரு செலவு என்று கட்டங்களின் எடை மாறினால் டைக்ஸ்ட்ராவிடமே திரும்ப வேண்டும்.

மூலைவிட்டங்களை அனுமதிப்பதுதான் கடினமான எதிர்வாதம். அதற்கான தேவையும் உண்மையானது: நாற்திசை வழி நேர்கோட்டைவிட 41 சதவீதம் வரை நீளும், எண்திசையில் அது ஏறத்தாழ 8 சதவீதமாகக் குறையும். ஆனால் இலக்கு ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தள்ளியிருக்கும்போது, எட்டுத் திசை அடிகள் மதிப்பீட்டை 0, 2−√2, 2√2−2, √2, 2, 2√2 என ஆறு வகையாக உயர்த்துகின்றன. முழு எண்ணில் விலகலை எண்ணும் கணக்கு அங்கே உடைகிறது. ஹராபோரும் கிராஸ்டியனும் 2011-இல் கொண்டுவந்த தாவுபுள்ளித் தேடல் சமவழிகளை முன்கூட்டியே கத்தரித்து அந்த இடைவெளியை நிரப்பியது. எனினும் அதன் நாற்திசை மாற்றுவடிவங்களின் வேகத்தைச் சாதாரண ஏ-ஸ்டாரோடு ஒப்பிடும் ஆய்வுகள், இரண்டே அடுக்குகளில் ஓடும் 1977-ஆம் ஆண்டு முறையையும் அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்த்தாக வேண்டும்.