நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சொந்தத் தொழில் பற்றிப் பேசச் சொன்னார்கள். வங்கிக் கடன், ஆர்டர் பிடிப்பது பற்றியெல்லாம் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நாம் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதுதான் பத்திரம்.

இரண்டு நண்பர்கள் சேர்ந்து பட்டறை வைப்பார்கள். யாருடைய பத்திரத்தின் நகலையோ வாங்கி, பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுவார்கள். கேட்டால், "நமக்குள்ள என்னடா பத்திரம்?" என்பார்கள்.

டிராயிங்கில் டாலரன்ஸ் குறிக்காத அளவுக்கு என்ன செய்வோம்? மூலையில் போட்டிருக்கும் பொது டாலரன்ஸை எடுத்துக்கொள்வோம். பத்திரமும் அப்படித்தான். நீங்கள் எழுதாமல் விட்ட இடத்தைச் சட்டம் நிரப்பிக்கொள்ளும்.

1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் எப்படி நிரப்புகிறது, பாருங்கள். ஒருவர் 10 லட்சம் போட்டாலும், மற்றவர் 2 லட்சம் போட்டாலும் லாபத்தில் சரிபாதி. இரவு பகலாகப் பட்டறையிலேயே கிடக்கிற பங்குதாரருக்குச் சம்பளம் கிடையாது. பங்குதாரர் ஒருவர் இறந்தால் நிறுவனம் கலைந்துவிடும். வேறு மாதிரி வேண்டுமென்றால் நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, பதிவு. அது கட்டாயமில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டாயமில்லைதான். ஆனால் பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், பில் பணம் தராத வாடிக்கையாளர் மீது ஒப்பந்தத்தின் பேரில் வழக்குப் போட முடியாது என்கிறது 69-ஆம் பிரிவு. அவர் உங்கள் மீது போடலாம்! நம் மாநிலத்தில் இந்தப் பதிவு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நடக்கிறது.

நான் அறிந்த ஒரு பட்டறையில் பங்குதாரர்கள் இருவர். இருவரும் நல்லவர்கள். ஒருவர் திடீரென்று காலமானார். "பங்குதாரர் இறந்தாலும் நிறுவனம் தொடரும்" என்று பத்திரத்தில் இருந்தது. ஆனால் இருவர் மட்டுமே உள்ள நிறுவனத்தில் அந்த வரி பயன்படாது. ஒருவர் போனபின் கூட்டு ஏது? 1965-இல் ஒரு சர்க்கரை ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது.

இயந்திரங்களுக்கு விலை மதிப்பிட என்னை அழைத்தார்கள். கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போக லேத்துக்கு ஒரு விலை. சந்தையில் அதைப்போலப் பல மடங்கு. எதை எடுப்பது? பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை. "அண்ணா, நீங்க சொல்றதுதான் கணக்கு" என்றார் அந்தச் சகோதரி. எந்த விலையைச் சொன்னாலும் ஒரு குடும்பத்துக்கு அநியாயம். கடைசியில் பஞ்சாயத்துப் பேசி முடித்தார்கள். ஆனால் இரண்டு வீடுகளுக்கும் இன்று பேச்சுவார்த்தை இல்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, நண்பர்களே. எழுத வேண்டியதை எழுதாததுதான் காரணம்.

"அப்படியானால் கம்பெனியாகவே பதிந்துவிடலாமே?" என்பீர்கள். பதியலாம். 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்.எல்.பி. அமைத்தால், பங்குதாரர் இறந்தாலும் நிறுவனம் நிற்கும். கடனுக்காகப் பொதுவாக உங்கள் வீடு ஏலத்துக்கு வராது. ஆனால் அதன் ஒப்பந்தத்திலும் எழுதாமல் விட்டால் சரிபாதி லாபம், சம்பளம் இல்லை என்ற அதே கதைதான். அந்த ஒப்பந்தத்தை 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் மெமோரண்டம், ஆர்ட்டிகிள்ஸ் என்று இரண்டு ஆவணங்கள். முதலாவது, கம்பெனி எதற்காக என்று சொல்வது. இரண்டாவது, உள்ளே எப்படி நடக்கும் என்று சொல்வது. பங்கை யாருக்கு விற்கலாம், என்ன விலைக்கு என்பதெல்லாம் இரண்டாவதில்தான் வர வேண்டும். பலர் சட்டத்தின் மாதிரி விதிகளை அப்படியே ஏற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் ஒருநபர் கம்பெனியை அனுமதித்தது. அதில் உங்களுக்குப் பின் யார் என்று மெமோரண்டத்திலேயே பெயர் எழுத வேண்டும்; அவருடைய எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். தனியாளிடம் சட்டமே கேட்கிற கேள்வியை, இருவராகச் சேரும்போது நாம் ஒருவரையொருவர் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

ஆகவே தம்பி தங்கைகளே, வக்கீலிடம் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். யார் எவ்வளவு பணம் போடுகிறோம், உழைப்புக்கு என்ன சம்பளம்? கருத்து வேறுபட்டால் யார் முடிவு செய்வது? ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு எந்த முறையில் விலை, எத்தனை தவணை? ஒருவர் இறந்தால் அவர் வீட்டுக்கு என்ன?

கடைசிக் கேள்வியை எழுதும்போது சங்கடமாக இருக்கும். "அபசகுனமாப் பேசாதே" என்பான் நண்பன். பரவாயில்லை, எழுதுங்கள். உங்கள் நண்பனின் பிள்ளைகள் உங்களை எப்போதும் மாமா என்று கூப்பிட வேண்டும் அல்லவா?