டிரம்பெட்டுக்கு எந்த மவுத்பீஸ்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெய்வேலி இன்ஜினியர் மைக்கைப் பிடித்தால் லிக்னைட்டைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப் போவது ஒரு விரல் நீளமுள்ள பித்தளைத் துண்டைப் பற்றி.

நம் சங்கம் கல்லூரி பேண்டுக்குப் புது டிரம்பெட்டுகள் வாங்கித் தர முடிவு செய்திருக்கிறது. மாணவனாக இருந்தபோது நானும் இந்த பேண்டில் ஊதியவன் என்பதால், பட்டியலைப் பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. கம்பெனி பெயர், எண்ணிக்கை, விலை எல்லாம் இருந்தது. மவுத்பீஸ் என்ற சொல்லே இல்லை. கேட்டால், "அது கூடவே வந்துடும் சார்" என்றார்கள். வரும்தான். எந்த அளவில் வரும்? போன வருஷம் பேண்டில் சேர்ந்து நின்றுவிட்ட ஒரு தம்பியை விசாரித்தேன். "எனக்கு உதடு தடிமன்ணே, நமக்கெல்லாம் இது வராது" என்றான். டிரம்பெட்டைக் குறை சொல்லவில்லை, மவுத்பீஸையும் சொல்லவில்லை. தன் உதட்டையே குறை சொல்லிக்கொண்டு போய்விட்டான். அதனால்தான் இன்று இந்தத் தலைப்பு.

நம்ம ஊர் நாகஸ்வர வித்வான்களிடம் போய் "சீவாளி கூடவே வரும்" என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். கொறுக்கைத் தட்டையில் செய்த அந்தச் சின்னச் சீவாளியைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். மாற்றுச் சீவாளிகள் வாத்தியத்திலேயே கயிற்றில் தொங்கும். உதடு படுகிற இடம் தன் உதட்டுக்குப் பொருந்த வேண்டும் என்பது அங்கே பாலபாடம். டிரம்பெட் என்று வந்ததும் ஏனோ மறந்துவிடுகிறோம்!

மவுத்பீஸில் உதடு படும் வளையம் ரிம். உள்ளே கிண்ணம், அதன் அடியில் தொண்டை. ரிம்மின் உள்விட்டம் பெரிதானால் அதிர்கிற உதடும் அதிகம். ஒலி கனமாக வரும், ஆனால் உதடு சீக்கிரம் களைத்துப் போகும். கிண்ணம் ஆழமானால் நாதம் குழைவாகும். ஆழம் குறைந்தால் பளிச்சென்று கேட்கும், மேல் ஸ்தாயிக்கும் கொஞ்சம் கை கொடுக்கும். கொஞ்சம்தான். வராத ஸ்வரத்தை எந்த மவுத்பீஸும் வரவழைக்காது.

இந்த அளவுகளுக்கு ஒழுங்காக எண் போட்டு விற்றவர்களில் முக்கியமானவர் வின்சென்ட் பாக். ஆஸ்திரியாவில் 1890-இல் பிறந்தவர், எந்திரப் பொறியியல் படித்தவர் (நம்ம ஆள்!), 1914-இல் அமெரிக்கா போய் டிரம்பெட் வாசித்தவர். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் தன் மவுத்பீஸ் கெட்டுப்போனதால், 1918 முதல் தானே கடைசல் பிடித்துச் செய்ய ஆரம்பித்தார். அவருடைய எண்ணில் 7சி என்றால் உள்விட்டம் 16.20 மி.மீ., 3சி என்றால் 16.30. எண் குறையக் குறைய விட்டம் கூடும். எழுத்தில் ஏ மிக ஆழம், சி நடுத்தரம், ஈ ஆழம் குறைவு.

யமஹாவில் இது அப்படியே தலைகீழ். அங்கே எண் கூடினால் விட்டம் கூடும். ஏ ஆழம் குறைவு, ஈ ஆழம் அதிகம். பாக் 10½ சின்னது. யமஹா 11 நடுத்தரம். கடையில் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டால் என்ன கிடைக்கும், யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. யமஹா 11பி4-இன் விட்டம் காகிதத்தில் 16.46. ஆனாலும் அதை பாக் 7சி-க்குச் சமமாகத்தான் வைக்கிறார்கள். ரிம்மின் உள்வளைவில் எந்த ஆழத்தில் அளப்பது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் வேறு.

7சி-க்கும் 3சி-க்கும் வித்தியாசம் 0.1 மி.மீ. நம் பிசிக்ஸ் லேப் வெர்னியரின் மீச்சிற்றளவே அவ்வளவுதான்! "இதெல்லாம் ஒரு வித்தியாசமா?" என்று கேட்பீர்கள். உதட்டுக்குத் தெரிகிறது. சுரங்கத்தில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் எத்தனை பெரிய மெஷின்! ஆனாலும் நெய்வேலியின் கடினமான மணற்பாறையில் முதலில் தேய்ந்தது அதன் பல்தான். மண்ணைத் தொடும் இடத்தில் பொருத்தம் இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் மோட்டார் என்ன செய்யும்?

என் அபிப்பிராயம் இதுதான். புதிதாக ஆரம்பிப்பவர் 7சி-யில் அல்லது 11பி4-இல் ஆரம்பிக்கட்டும். ஆறு மாசம் மாற்றவே வேண்டாம். அதன் பிறகு, ரிம்மின் உள்விளிம்பு மேலுதட்டின் சிவந்த சதை மேல் உட்காருகிறதா, ஊதி முடித்ததும் ஆழமாகத் தழும்பு விழுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். அப்படியென்றால் முதலில் அழுத்துவதைக் குறையுங்கள். அப்போதும் தீராவிட்டால் 5சி, 3சி போட்டுப் பாருங்கள். உதடு தடிமனா மெல்லிசா என்று வெளியே பார்த்து அளவு சொல்ல முடியாது. பல் வரிசைக்கும் இதில் பங்கு உண்டு. ஐந்து நிமிஷம் ஊதிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புதுசு எதுவும் முதல் ஐந்து நிமிஷம் பிரமாதமாகத்தான் இருக்கும். ஒரு வாரம் ஊதுங்கள். பெரியவர் ஒருவர் 1½சி ஊதுகிறார் என்பதற்காக நீங்களும் அதையே வாங்கினால், அணிவகுப்பு பாதி முடியும் முன்பே உதடு விட்டுப்போகும்.

இன்னொன்று. பேண்ட் ரூமில் கார்னெட்டும் கிடக்கிறது. அதன் மவுத்பீஸின் தண்டு மெல்லிசு, டிரம்பெட்டில் ஆடும். நூலைச் சுற்றிச் செருகுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

பட்டியலில் நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: டிரம்பெட்டுக்கு ஒரு 7சி வீதம், அதோடு எல்லோரும் போட்டுப் பார்க்கப் பொதுவில் 5சி ஒன்று, 3சி ஒன்று. டிரம்பெட்டில் ஒன்றைக் குறைத்தால் பணம் கட்டுப்படியாகும். பொருளாளர் முறைக்கிறார், பரவாயில்லை. பொது மவுத்பீஸைக் கை மாற்றும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சொல்லிவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் பேண்ட் ரூமில் இருப்பேன். 0.02 மி.மீ. காட்டும் வெர்னியர் கொண்டு வருகிறேன், இருக்கிற மவுத்பீஸ் எல்லாவற்றையும் அளந்து எழுதி வைத்துவிடலாம். நின்றுபோன அந்தத் தம்பியையும் யாராவது கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.