காய்ச்சலும் பாய்ச்சலும்



வாழ்க்கைக்கும் வேலைக்கும் நடுவே சமநிலை என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நாளை மூன்று கூறாக்கிக் காட்டுவார்கள். எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் மனம்போல. ஆலைத் தொழிலாளி போராடிப் பெற்ற கணக்கு அது. அதில் ஒரு நிமிடத்தைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் நெல் அந்தக் கணக்குக்குள் அடங்காது. நாற்றங்காலில் நாற்றுக்கு இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது, வாய்க்காலில் முறை வந்துவிட்டது, நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது என்றால் அன்றைக்கு யாரும் மணி பார்ப்பதில்லை. குறுவை அறுப்பு நேரத்தில் வானம் கருத்துக்கொண்டு வந்தால் ராத்திரி பகல் கிடையாது. இந்த மண்ணில் சமநிலையை ஒரு நாளுக்குள் தேடினால் அகப்படாது, ஒரு வருஷத்துக்குள் தேட வேண்டும். அந்த வருஷத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. 120 அடி நீர்மட்டம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. ஜூன் 12-இல் திறப்பது, ஜனவரி 28-இல் மூடுவது என்பது வழக்கம். இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவேதான் காவிரி டெல்டாவில் ஒரு குடும்பத்தின் வரவும் செலவும் அடங்கியிருந்தன. 110 நாள் குறுவையை அறுத்தால் தீபாவளிச் செலவுக்கு ஆயிற்று. 150 நாள் சம்பாவை அறுத்தால் தையில் கல்யாணம், அடகு வைத்த நகைக்கு மீட்பு. அணை மூடிய பிறகு வருகிற நாலரை மாதமும் சாகுபடிக் கணக்கில் சேர்ந்ததுதான். வாய்க்கால் தூர்வாரியது அப்போது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தை வந்து வயலில் கிடை போட்டது அப்போது. கோடை மழைக்கு ஓர் உழவு ஓட்டி, புரண்ட மண்ணை வெயிலில் காயப்போட்டது அப்போது. பங்குனியில் திருவாரூர்த் தேர், நரசிம்ம ஜயந்தியையொட்டி மெலட்டூரில் விடிய விடியப் பாகவத மேளா, ஊருக்கு ஊர் காப்புக்கட்டு, கூத்து. தஞ்சைக் கலைகளை அரசர்கள் வளர்த்தார்கள் என்று படிக்கிறோம், உண்மைதான். விடிய விடிய உட்கார்ந்து கேட்க ஊருக்கு நேரம் இருந்தது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாணவர்களே, உளுந்து தெளிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். கதிர் நிற்கிற வயலிலேயே, மண் மெழுகுபோல இருக்கிற ஈரத்தில் விதையைத் தெளித்துவிடுவார்கள். அறுப்பு முடிந்து பார்த்தால் தாளுக்கு நடுவே இலை விட்டு நிற்கும். அதற்கப்புறம் உழவு கிடையாது, தண்ணீர் கட்டுவது கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் மாசிப் பனியும் போதும். காய் முற்றியதும், வெயில் ஏறினால் வெடித்துக் கொட்டிவிடும் என்று விடியற்காலைப் பனிப்பதத்தில் செடியைப் பறிப்பார்கள். உதிர்ந்த இலையும் அறுந்த வேரும் மண்ணிலே தங்கி அடுத்த நெல்லுக்குத் தழைச்சத்து ஆகும். நிலமும் ஆறியது, வீட்டுக்கு உளுந்தும் வந்து சேர்ந்தது.

நெல்லுக்கே ஓய்வு வேண்டும். எந்நேரமும் தண்ணீர் நிற்கிற வயலில் வேருக்குக் காற்று இல்லை, வேர் கறுத்துவிடும். அதனால் தண்ணீரை வடியவிட்டு, மயிரிழை வெடிப்பு தெரிகிற வரை காயவிட்டு, மறுபடி கட்டுவார்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் விவசாயிகள் சொல்வது இதைத்தான். பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் இறக்கி இதே முறையைச் சொல்லிக்கொடுக்கிறது. நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும் என்கிறது. தண்ணீர் மிச்சமாகிறது, வயலிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவும் குறைகிறது. ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. பூக்கும் பருவத்தில் காயவிடக் கூடாது. அந்த நாட்களில் தண்ணீர் நின்றே ஆக வேண்டும், இல்லையென்றால் பதரைத்தான் அறுப்போம். மனிதனுக்கும் பூக்கும் பருவம் உண்டு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, குழந்தை பிறந்த வீடு, கணக்கு முடிக்கிற மார்ச் மாதத்து அலுவலகம். அங்கே போய் ஓய்வெடு என்றால் நடக்காது. அது முடிந்த பிறகும் காயவிடாமல் தண்ணீரைக் கட்டிக்கொண்டே இருக்கிறோமே, அதைத்தான் தவறு என்கிறேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் இறங்கினால் இந்த மேடைக்கு நான் உண்மையாக இருந்தவன் ஆகமாட்டேன். அந்தப் பழைய வருஷத்தில் ஓய்வு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பண்ணையாளுக்கு விடியுமுன் தொடங்கிய வேலை இருட்டிய பிறகும் முடியாது. சாட்டையடியும், சாணியைக் கரைத்துப் புகட்டுகிற சாணிப்பாலும் தண்டனையாக இருந்த தஞ்சை ஜில்லா இது. அவை கூடாது என்று எழுத்தில் வந்தது 1944-இல், மன்னார்குடி ஒப்பந்தத்தில். அதற்காக ஊர் ஊராக நடந்தவர் விவசாயிகள் சங்கத் தலைவர் பி. சீனிவாசராவ். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆயிற்று. கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்தன. மிராசுதாருக்குத் திண்ணையில் கழிந்த கோடை, கூலிக்காரர் குடிசையில் அடுப்பு எரியாத கோடை. வேலை இல்லாத நாள் வேறு, ஓய்வு நாள் வேறு. கையில் கூலி இருந்தால்தான் அது ஓய்வு. 2006-இல் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டின் முதல் மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. கோடையில் சொந்த ஊரிலேயே ஒரு கூலி என்பது அந்தக் குடிசைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, ஏப்ரலில் அரிசிப் பானையைச் சுரண்டிய குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

தாய்மார்களே, உங்கள் கணக்கும் தனி. கோடையில் ஆண்களுக்குத் திண்ணை கிடைத்தது. உங்களுக்கு நெல் அவிக்கிற அண்டாவும் வற்றல் காயப்போடுகிற மொட்டைமாடியும் கிடைத்தன.

இன்று தேதிகளே சிதறிக் கிடக்கின்றன. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷமும் ஜூன் 12-இல் அணை திறக்கவில்லை. 2016-இல் செப்டம்பர் 20 ஆயிற்று, 2017-இல் அக்டோபர் 2. 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28. ஆற்றை நம்ப முடியாதவர்கள் ஆழ்குழாயை நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மோட்டாருக்கு மாசியும் தெரியாது, சித்திரையும் தெரியாது. கோடையிலும் நெல் நட ஆரம்பித்தோம், மண்ணுக்கு இருந்த ஒரே விடுமுறையும் போயிற்று. அறுப்புக்கு வருகிற செயின் வண்டி, முளைத்த உளுந்தை நசுக்கிவிட்டுப் போகிறது. வாரக்கணக்கில் நடந்த அறுப்பு சில மணி நேரத்தில் முடிகிறது. மிச்சமான அந்த நாட்கள் உழவர் கைக்கு வந்தனவா? கொள்முதல் நிலைய வாசலில், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கட்டும் என்று நெல்லைக் கிளறிக் கிளறிக் காயவைத்து, மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரி குவியலின் பக்கத்திலேயே படுக்கிறார்கள். வேலை குறைந்தது, கவலை நீண்டது. சென்னையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இதே கதைதான், அங்கே மழைக்குப் பதில் செல்போன்.

ஆகவே உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன். உழவர்களே, கோடையில் ஐந்து மா நிலத்தையாவது நெல்லிலிருந்து விடுவித்து உளுந்துக்கோ கிடைக்கோ கொடுங்கள். அலுவலகம் நடத்துகிறவர்களே, நெருக்கடியான வாரங்களில் ஆட்களிடம் உழைப்பைக் கேளுங்கள், அது முடிந்ததும் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்புங்கள். வீட்டில் இருக்கும் ஆண்களே, இந்தக் கோடையில் அடுப்படியில் ஒரு வேளையை உங்கள் முறையாக எடுத்துக்கொள்ளுங்கள். அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. தண்ணீர் வருகிற தறுவாயில் அவசர அவசரமாகத் தூர்வாருவது வேண்டாம். பிப்ரவரியிலேயே தொடங்கட்டும், அந்த வேலையும் கூலியும் உள்ளூர் ஆட்களுக்கே கிடைக்கட்டும். கொள்முதல் நிலையத்துக்குக் கூரையும் நெல் உலர்த்தும் இயந்திரமும் வரட்டும்.

இவற்றை நான் மேடையில் கேட்டால் கைதட்டலோடு போய்விடும். நீங்கள் கேட்க இடம் இருக்கிறது. மே 1-ஆம் தேதி ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராமசபை கூடும். அதற்குமுன் உங்கள் ஊர் வாய்க்காலைத் தலைமடையிலிருந்து கடைமடை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே மதகு உடைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு போய், அந்தச் சபையில் எழுந்து நின்று எழுத்தில் கொடுங்கள்.