கட்டவிழ்த்த பின்

(செண்பகத்தோப்பில் கூடிய சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேற்குமலை அடிவாரத்து இத்தோப்பின் நிழலில் நம் குடும்பங்கள் ஒருங்கே கூடியிருப்பது மிக்க மகிழ்ச்சிக்குரியது. பிள்ளைகளின் மேற்படிப்பைக் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். டாக்டர் படிப்பும் எஞ்சினீயர் படிப்பும் யாவரும் அறிந்தவை. நம்மவர் அதிகம் அறியாத ஒரு படிப்பை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயம் கட்டும் பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. நம் வட்டாரத்துத் துணி எத்தனையோ காயங்களைக் கட்டுகிறது. கட்டவிழ்த்த பின் நடப்பதென்ன? எலும்பு கூடியும் சிலருக்கு விரல் மடங்குவதில்லை. பக்கவாதத்தில் உயிர் பிழைத்தும், சோறு பிசையவும் உடை உடுத்தவும் கை உதவுவதில்லை. வீட்டார் அன்பினால் ஊட்டிவிடுகின்றனர். ஊட்ட ஊட்டக் கை தன் வேலையை மறக்கிறது. நோயாளரும் தாம் பிறர்க்குப் பாரமென்று எண்ணி வாடுகின்றனர். அவர்களைத் தாமே உண்ணவும், உடுக்கவும், இயன்ற தொழில் செய்யவும் பழக்கி மீட்பதே ஆக்குபேஷனல் தெரபி என்னும் தொழில்வழிச் சிகிச்சையாகும்.

இந்தியாவில் இதற்கான முதற் பள்ளியைக் கமலா நிம்ப்கர் அம்மையார் 1950-ஆம் ஆண்டில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கினார். 1952-இல் உலக சம்மேளனம் ஏற்பட்டபோது, அதனை நிறுவிய பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. நம் மாகாணத்து வேலூரில், 1954-ஆம் ஆண்டு மோட்டார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உடலில் ஒரு பகுதி செயலிழந்தாலும் வாழ்வு செயலிழப்பதில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இப்படிப்பு நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. உடற்கூறு, நரம்பியல், மனோதத்துவம், சிம்பு முதலிய துணைக்கருவிகள் செய்தல் யாவும் கற்பிக்கப்படும். ஆயினும் ஏட்டறிவு பாதியே. நோயாளரின் கை நடுங்கும்போது எப்பொழுது தாங்குவது, எப்பொழுது நம் கையை விலக்கிக்கொண்டு பொறுத்திருப்பது என்பதை எந்தப் புத்தகமும் கற்பியாது. ஆதலின் குறைந்தது 1000 மணி நேரமாவது நோயாளரிடையே மேற்பார்வையில் பழக வேண்டுமென்று உலக சம்மேளனம் விதித்திருக்கிறது. "பரீட்சை முடிந்தும் சம்பளமில்லையே" என்று பெற்றோர் இப்பயிற்சிக் காலத்தை வீணென்று கருதலாகாது. பட்டத்துக்கு உயிரளிப்பது அதுவே.

2021-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இத்தொழிலையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டிடத்தின் அழகைப் பாராது, அங்கீகாரம் உண்டா, பயிற்சிக்கு ஏற்ற மருத்துவமனை உண்டா என்று விசாரியுங்கள். பொறுமையும் கைத்திறனும் வாய்ந்த ஆண் பெண் இருபாலாரையும் இதில் ஊக்குவியுங்கள். வசதி குறைந்த பிள்ளைகளின் கட்டணத்துக்குப் பொருளுடையோர் உதவ முன்வருமாறு வேண்டுகிறோம்.

விபத்தும் மூப்பும் குலம் பார்த்து வருவதில்லை. நம் பிள்ளைகள் கற்கும் இக்கல்வி ஊரார் அனைவருக்கும் பயன்படுவதாகுக.