கிளட்ச் மட்டும் போதுமா, ஃப்ளைவீலும் மாத்தணுமா?

இன்னைக்குப் பேசப்போறது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல யார் கண்ணுக்கும் படாம சுத்திக்கிட்டு இருக்கிற ரெண்டு பொருளைப் பத்தி: கிளட்ச், ஃப்ளைவீல். காரை ரீமேப் பண்ணவங்க, டிராக் டே போக ஆரம்பிச்சவங்க எல்லாரும் என்னைக்காவது ஒருநாள் இந்தக் கேள்வியில வந்து நிப்பீங்க.

செலவு பண்றதுக்கு முன்னாடி ஒரு சோதனை. காலியான, நேரான ரோட்டுல, டாப் கியர்ல, 2000 ஆர்பிஎம்ல போய்க்கிட்டே ஆக்ஸிலரேட்டரை முழுசா அழுத்துங்க. ஆர்பிஎம் முள் சர்ருன்னு ஏறுது, ஆனா வண்டி வேகம் அதோட சேர்ந்து ஏறலைன்னா கிளட்ச் ஸ்லிப் ஆகுது. அப்படி எதுவும் நடக்கலையா? அந்தக் காசை டயருக்கும் பிரேக் பேடுக்கும் போடுங்க. அதுதான் லாபம்.

ஸ்லிப் ஏன் ஆகுது? ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும்ங்கிறது ஒரு எளிய பெருக்கல். பிரஷர் பிளேட் அழுத்துற விசை, உராய்வு எண், தட்டோட சராசரி ஆரம், கூடவே தட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்கிறதால ரெண்டு. உதாரணத்துக்கு 4500 நியூட்டன் அழுத்தம், 0.3 உராய்வு, 9 சென்டிமீட்டர் ஆரம்னு வெச்சா சுமார் 243 நியூட்டன் மீட்டர் வரும். கம்பெனியில இருந்து 170 நியூட்டன் மீட்டரோட வந்த வண்டிக்கு இது தாராளம். அதையே ரீமேப் பண்ணி 230 ஆக்கினா, மிச்சம் நூத்துக்கு ஆறு கூட இல்ல. கிளட்ச் சூடானா உராய்வும் குறையும். கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவை நாலு பேரோட ஏறும்போது அந்த மிச்சமும் போயிடும்.

இதைச் சரிபண்ண வழி மூணுதான். அழுத்தத்தைக் கூட்டலாம், பெடல் கனமாகும். உராய்வைக் கூட்டலாம், தட்டோட மெட்டீரியல் மாறும். தட்டு எண்ணிக்கையைக் கூட்டலாம். அதுதான் ட்வின் பிளேட், விலை ஏறும். மெட்டீரியல்ல ஆர்கானிக் மென்மையா பிடிக்கும், தினசரி ஓட்ட நல்லது. செராமிக் பக் போட்ட தட்டு பயங்கர சூட்டைத் தாங்கும், ஆனா சுவிட்ச் போட்ட மாதிரி பிடிக்கும் இல்லேன்னா விடும், நடுவுல எதுவும் இருக்காது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஓஎம்ஆர்ல அதை வெச்சு ஊர்ந்து பாருங்க, இடது கால் உங்களைத் திட்டும்.

இப்ப ஃப்ளைவீல். "லைட் ஃப்ளைவீல் போட்டா பவர் கூடும்"னு சொல்லுவாங்க. பவர் கூடாது. இன்ஜின் தன்னையே சுத்த வைக்கச் செலவழிக்கிற சக்தி குறையும், அவ்வளவுதான். ஒரு கணக்கு போடுவோம். மையத்துல இருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி 3 கிலோ குறைச்சோம்னு வைங்க. ஒரு சாதாரண சின்னக் கார்ல, முதல் கியர்ல அது வண்டியில 90 கிலோவுக்கு மேல இறக்கி வெச்சதுக்குச் சமம். மூணாவது கியர்ல சுமார் 13 கிலோ. அஞ்சாவதுல வெறும் 5 கிலோ.

இருங்காட்டுக்கோட்டையில இருக்கிற 3.717 கிலோமீட்டர் டிராக்ல முதல் கியரை எத்தனை தடவை தொடுவீங்க? ஸ்டார்ட்ல ஒருதடவை. அப்போ டிராக்ல லைட் ஃப்ளைவீலோட உண்மையான பலன் வேற இடத்துல இருக்கு: டவுன்ஷிஃப்ட். பிரேக் போட்டுக்கிட்டே ஆர்பிஎம்மை ஏத்திக் கியரை இறக்கும்போது இன்ஜின் உடனே கேக்கும்.

ரோட்டுல இதுக்கு விலை உண்டு. ஃப்ளைவீல்ல சேமிப்பு குறைஞ்சதால, ஏசி ஓடுறப்ப யூ-டர்ன்ல வண்டி பொசுக்குன்னு ஆஃப் ஆகும். இன்னொண்ணு, கிளட்ச்சோட சூட்டை வாங்கிக்கிறதும் இதே ஃப்ளைவீல்தான். எடை குறைஞ்சா அதே ஹாஃப் கிளட்ச்சுக்கு அது இன்னும் சீக்கிரம் சூடாகும்.

இந்த எபிசோடை நான் பண்ண முக்கியக் காரணத்துக்கு வரேன். என் சித்தப்பா பையனுக்கு ஒரே கார்தான். வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ், வருஷத்துக்கு ரெண்டு மூணு டிராக் டே. அவன் சொன்னான், "அண்ணே, புதுசு வாங்கினா காசு அதிகம். ஒரிஜினல் ஃப்ளைவீலையே லேத்துல குடுத்து ரெண்டு கிலோ சீவிடலாம்னு இருக்கேன்."

"கூடவே கூடாதுடா"ன்னேன். கோவிச்சுக்கிட்டான். காரணத்தைச் சொன்னேன். நிறைய ஃப்ளைவீல் வார்ப்பிரும்புல செஞ்சது. வார்ப்பிரும்பு அமுக்குனா தாங்கும், இழுத்தா விரிசல் விடும். சுத்துற எந்தத் தட்டும் தன்னைத்தானே வெளிப்பக்கமா இழுத்துக்கும். அந்த இழுவை வேகத்தோட வர்க்கத்துல ஏறும்: 6000 ஆர்பிஎம்ல இருந்து 7000க்குப் போனா 36 சதவீதம் கூடுது. கிளட்ச் சூட்டுல ஏற்கெனவே மயிரிழை விரிசல் விழுந்திருக்கிற தட்டை, பாலன்ஸ் கூடப் பாக்காம சீவி, டிராக்ல ரெட்லைன் வரைக்கும் முறுக்கினா என்ன ஆகும்? வெடிச்சா துண்டு துண்டா பெல் ஹவுசிங்கைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். ரேஸிங்ல ஃப்ளைவீலுக்கும் கிளட்ச்சுக்கும் எஸ்எஃப்ஐ 1.1னு தனியா ஒரு தரச்சான்று இருக்கிறதே இதுக்காகத்தான். மேற்பரப்பைச் சமன்படுத்த, கம்பெனி சொன்ன அளவுக்குள்ள லேசா சீவுறது வேற. எடைக்காகச் சீவுறது வேற. லைட்டா வேணும்னா, அதுக்குன்னே ஸ்டீல்ல செஞ்சதை வாங்குங்க.

டீசல் வச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. பல டீசல்கள்ல டூயல் மாஸ் ஃப்ளைவீல் இருக்கும். உள்ள ஸ்பிரிங் வெச்சு இன்ஜினோட உதறலை அது விழுங்கிடும். அதைத் தூக்கிட்டு சிங்கிள் மாஸ் போட்டா, ஐடில்ல கியர்பாக்ஸ் கடகடன்னு பேசும், உதறலும் அங்கதான் போகும். மாத்தியே ஆகணும்னா தட்டுலயாவது ஸ்பிரிங் இருக்கிறதா பாத்து வாங்குங்க.

கியர்பாக்ஸை இறக்குற கூலிதான் பெரிய செலவு. இறக்கின கையோட ரிலீஸ் பேரிங்கை மாத்திடுங்க, கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் பாத்துடுங்க. சீல் கசிஞ்சா புதுத் தட்டு எண்ணெய் குடிச்சு வீணாப் போகும். ஃப்ளைவீல் போல்ட் பல வண்டிகள்ல ஒருதடவைதான் போடணும், பழசைத் திரும்ப முறுக்க விடாதீங்க. அப்புறம் முதல் 800 கிலோமீட்டர் சிட்டிக்குள்ள பொறுமையா ஓட்டி தட்டைப் பழக்குங்க. மறுநாளே டிராக் டே புக் பண்ணாதீங்க.

தம்பி கடைசியில ஒரிஜினல் ஃப்ளைவீலை அப்படியே விட்டுட்டான். ஆர்கானிக் தட்டு, 25 சதவீதம் கூடுதல் அழுத்தம் தர்ற பிரஷர் பிளேட். நம்ம உதாரணக் கணக்குல 243, 300ஐத் தாண்டிடும். பெடல் கொஞ்சம் கனம், பழகிடும். தினமும் ஆபீஸ் போற காருக்கு என் பதில் இதுதான். டிரெய்லர்ல ஏத்தி டிராக்குக்கு மட்டும் கொண்டுபோற காரா இருந்தா, பதில் வேற. உங்க கார் இதுல எதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, அப்புறம் பர்ஸைத் திறங்க. அடுத்த எபிசோடுல பாப்போம்.